முதலில் எது, பிறகு எது

1979 ஜனவரியில் பெல் ஆய்வகத்திலிருந்து வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் எல்ஆர்டர், டிசார்ட் என்று இரண்டு சிறிய கருவிகள் இருந்தன. ஒரு லைப்ரரிக்குள் போகவேண்டிய கோப்புகளை எல்ஆர்டர் திறந்து பார்க்கும். எந்தக் கோப்பு எந்தக் கோப்பிலுள்ள செயற்கூறை அழைக்கிறது என்று ஜோடி ஜோடியாக எழுதித் தரும். டிசார்ட் அந்த ஜோடிகளைப் படித்து, எல்லாவற்றையும் ஒரே நேர்வரிசையில் நிறுத்தும். அந்த வரிசைப்படிதான் கோப்புகளை லைப்ரரிக்குள் அடுக்க வேண்டும் என்பது அன்றைய நடைமுறை. மாற்றி அடுக்கினால், எழுதிய நிரலில் ஒரு பிழையும் இல்லாவிட்டாலும் அது கட்டப்படாமல் நின்றுவிடும்.

காரணம், கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் அந்தக் காலத்து லிங்கர் லைப்ரரியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே ஒரு முறைதான் படித்தது. அதன் கையில் எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும்: யாரோ கேட்டு, இன்னும் கிடைக்காத பெயர்கள். ஸ்கேன்எஃப் என்ற செயற்கூறு தன் வேலைக்கு ரீட் என்பதை அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லைப்ரரியில் ரீட் முன்னால் கிடந்தால், லிங்கர் அதைப் பார்க்கும்போது அந்தப் பெயர் பட்டியலில் இருக்காது. யாரும் கேட்கவில்லையே என்று தாண்டிப் போய்விடும். பிறகு ஸ்கேன்எஃப் வரும், அதை எடுத்துக்கொள்ளும், அப்போதுதான் ரீட் தேவை என்று பட்டியலில் ஏறும். ஆனால் ரீட் பின்னால் போய்விட்டது, திரும்பிப் போய் எடுக்கும் வழக்கம் லிங்கருக்குக் கிடையாது. ஆகவே கேட்பவர் முன்னே, கேட்கப்படுபவர் பின்னே என்பது விதியாயிற்று. நினைவகம் குறுகி, வட்டு மெதுவாகச் சுழன்ற பிடிபி-11 கணினி நாட்களில் அது நியாயமான சிக்கனம்தான். அந்தச் சிக்கனத்தின் விலையை நிரலாளர்கள் இன்றுவரை கட்டுகிறார்கள்.

எதற்கு எது தேவை என்ற கேள்வி யூனிக்ஸைவிட மூத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித ஆய்வகத்தில் மாரிஸ் வில்க்ஸ் குழு கட்டிய எட்சாக் 1949 மே 6 அன்று தன் முதல் நிரலை ஓட்டியது. வர்க்கமூலம் காண்பது, எண்களை அச்சிடுவது போன்ற வேலைகளை ஒவ்வொருவரும் புதிதாக எழுதிக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது என்று அங்கிருந்தவர்களுக்குச் சீக்கிரமே புரிந்தது. டேவிட் வீலர் என்ற இளம் ஆய்வு மாணவர் துணை நிரலுக்குப் போய்த் திரும்பும் முறையை வகுத்தார். துளையிட்ட காகித நாடாக்களாகத் துணை நிரல்கள் எஃகு அலமாரியில் சேர்ந்தன. வேண்டியவர் நாடாவை எடுத்துப் போய், அதன் துளைகளைத் தன் நாடாவில் இயந்திரத்தால் படியெடுத்துக்கொண்டு, மூலத்தைத் திரும்ப வைப்பார். 1951க்குள் அந்த அலமாரியில் 87 துணை நிரல்கள் இருந்தன. அதே ஆண்டில் வில்க்ஸும் வீலரும் ஸ்டான்லி கில்லும் சேர்ந்து வெளியிட்ட புத்தகம், ஒவ்வொரு துணை நிரலும் நினைவகத்தில் எத்தனை இடம் பிடிக்கும் என்பதையும் சேர்த்து விவரித்தது. எதற்குப் பின் எதை ஒட்டுவது என்பது மட்டும் நாடா தயாரித்தவர் தலையிலேயே இருந்தது.

அந்தச் சுமையை இயந்திரத்துக்கு மாற்றும் கணக்கு, நிரல் உலகத்துக்கு வெளியிலிருந்து வந்தது. அமெரிக்கக் கடற்படை 1958இல் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகப் பெர்ட் என்ற திட்டமிடல் முறையை உருவாக்கியது. நாற்றுவிடாமல் நடவு கிடையாது, நடவு முடியாமல் களையெடுப்பு கிடையாது என்பதுபோல, ஆயிரக்கணக்கான வேலைகளில் எது எதற்குக் காத்திருக்கிறது என்று வலையாக வரைவார்கள். அந்த வலையை ஒரே வரிசையாக்கும் வழியை ஆர்தர் கான் 1962இல் ஒரு கட்டுரையில் கொடுத்தார். எதற்காகவும் காத்திருக்காத ஒரு வேலையைத் தேடி எடுத்து வரிசையில் வை. அதற்காகக் காத்திருந்தவற்றின் கணக்கில் ஒன்றைக் கழி. கழித்ததில் பூஜ்யத்துக்கு வந்தவற்றை அடுத்து எடு. இவ்வளவுதான். ஐபிஎம் 7090 கணினியில் 30,000 வேலைகள் கொண்ட வலையை ஒரு மணி நேரத்துக்குள் வரிசைப்படுத்த முடியும் என்று அந்தக் கட்டுரை சொன்னது. இன்று கல்லூரி மாணவர் முப்பது வரியில் எழுதிவிடக்கூடிய வழிமுறை அது.

ஆக வரிசைப்படுத்தும் கணக்கு 1962லேயே தீர்ந்துவிட்டது. அதற்குப் பின் அறுபது ஆண்டுகளாக நடக்கும் பாடெல்லாம், கணக்குக்குக் கொடுக்கப்படும் பட்டியல் உண்மையாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான். எதற்கு எது தேவை என்று யார் எழுதுவது, எழுதியது முழுமையா, எழுதாமல் விட்டதை யார் கண்டுபிடிப்பது? இந்த வரலாறு முழுவதும் அந்தக் கேள்விகளின் வரலாறு.

மேக் என்ற கட்டுமானக் கருவி பிறந்த கதை இதற்குச் சரியான சான்று. பெல் ஆய்வகத்தில் 1976இல் ஒரு நாள், ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேனின் அறைக்குள் ஸ்டீவ் ஜான்சன் கொதிப்போடு நுழைந்தார். யாக் என்ற புகழ்பெற்ற கருவியை எழுதியவர் அவர். பிழையே இல்லாத ஒரு நிரலில் பிழை தேடி ஒரு காலைப்பொழுது வீணாகிவிட்டது. பிழையை ஏற்கனவே திருத்தியாகிவிட்டது, ஆனால் திருத்திய கோப்பு மறுபடி கம்பைல் ஆகவில்லை. ஃபெல்ட்மேனும் முந்தின நாள் மாலை இதே பள்ளத்தில் விழுந்தவர்தான். அந்த வார இறுதியில் அவர் ஒரு கருவி எழுதினார். அதற்கு வரிசை சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கோப்பு உருவாக இன்னின்ன கோப்புகள் தேவை என்று எழுதிவைத்தால் போதும், வரிசையை மேக் தானே கண்டுபிடிக்கும், கோப்புகளின் நேரமுத்திரையைப் பார்த்து, மாறியதை மட்டும் மறுபடி கட்டும். மேக்ஃபைலில் கட்டளை வரிக்கு முன்னால் டேப் எழுத்து கட்டாயம் என்ற விதி, பல தலைமுறை நிரலாளர்களை வாட்டியிருக்கிறது. அதை மாற்றலாமே என்று தோன்றியபோது ஏற்கனவே பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், அவர்களுக்குத் தொந்தரவு தர மனம் வரவில்லை என்று ஃபெல்ட்மேன் பின்னாளில் விளக்கினார். 2003இல் ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது மேக்குக்காக அவருக்குக் கிடைத்தது.

மேக்கின் பலம் பட்டியலில் இருந்ததால், பலவீனமும் அங்கேயே இருந்தது. திட்டங்கள் பெரிதானபோது, அடைவுக்கு ஒரு மேக்ஃபைல் வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றை அழைப்பது வழக்கமாயிற்று. ஆஸ்திரேலியரான பீட்டர் மில்லர் 1998இல் அந்நாட்டு யூனிக்ஸ் பயனர் சங்க இதழில் இந்த வழக்கத்தைக் கடுமையாகத் தாக்கினார். வலையைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்துவிட்டு மேக்கைக் குறை சொல்கிறீர்கள் என்பது அவர் வாதம். ஓர் அடைவின் மேக்குக்கு அடுத்த அடைவில் என்ன நடக்கிறது என்று தெரியாது. எனவே ஒரே கட்டுமானத்தை இரண்டு முறை, மூன்று முறை ஓட்டித்தான் சரியான முடிவை வரவைத்தார்கள். அவர் சொன்னது முழுக்கச் சரி. இன்றைய புதிய கட்டுமானக் கருவிகள் பலவும் முழு வலையையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்வதில் கவனமாக இருக்கின்றன.

லிங்கரின் பக்கம் திரும்பினால், ஏழாம் பதிப்பிலேயே ரான்லிப் என்ற இன்னொரு கருவியும் வந்திருந்தது. லைப்ரரியின் முகப்பில் ஒரு பொருளடக்கத்தை அது எழுதிவைக்கும். பொருளடக்கம் கிடைத்ததும் லிங்கருக்கு முன்னும் பின்னும் போய்வர முடிந்தது, லைப்ரரிக்கு உள்ளே வரிசை பார்க்கவேண்டிய தேவை போயிற்று. எல்ஆர்டரும் டிசார்ட்டும் ஏறக்குறைய அத்தோடு வேலை இழந்தன. ஆனால் லைப்ரரிகளுக்கு இடையிலான வரிசை அப்படியே நின்றது. இன்றும் லினக்ஸில் சி நிரல் எழுதிப் பழகும் ஒருவர், கணித லைப்ரரியைக் கட்டளையில் தன் கோப்புக்கு முன்னால் எழுதிவிட்டு, ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்ற பிழைச்செய்தியைப் பார்த்து விழிப்பது உண்டு. லைப்ரரி இருக்கிறது, பெயரும் சரி, இடம்தான் தவறு. 2011 அக்டோபரில் உபுண்டு 11.10 வந்தபோது, உண்மையில் தேவைப்படாத பகிர்வு லைப்ரரிகளை இணைக்காதே என்று லிங்கருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். நல்ல நோக்கம். ஆனால் வரிசை தவறியும் அதுவரை தப்பித்துக்கொண்டிருந்த பல நிரல்கள் அன்று கட்டப்பட மறுத்தன. ஒன்றுக்கொன்று தேவைப்படும் இரண்டு லைப்ரரிகள் சிக்கிக்கொண்டால், இவற்றைக் குழுவாக எடுத்துத் திரும்பத் திரும்பப் பார் என்று குனு லிங்கரிடம் சொல்ல வழி உண்டு. எல்எல்டி போன்ற புதிய லிங்கர்கள், தாண்டிவந்த லைப்ரரிகளிலுள்ள பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டு, 1970களின் விதியைப் பெருமளவு தளர்த்திவிட்டன.

கட்டும்போது ஒரு வரிசை என்றால், நிறுவும்போது அதற்கு நேர் எதிர் வரிசை. லிங்கருக்குக் கேட்பவர் முன்னே வரவேண்டும். நிறுவும் கருவிக்கோ தேவைப்படும் லைப்ரரி முதலில் வட்டில் இறங்கித் தயாராக இருக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் அதைக் கேட்கும் நிரல் வரலாம். இந்த இரண்டாவது வரிசையை முதன்முதலில் பெரிய அளவில் ஒழுங்காக எழுதிவைத்த பெருமையில் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

இயன் முர்டாக் 1993 ஆகஸ்ட் 16 அன்று டெபியனை அறிவித்தார். அதன் நிறுவும் கருவியான டிபிகேஜி முதலில் ஷெல் நிரலாகவும், அடுத்துப் பெர்லிலும் இருந்து, 1994இல் இயன் ஜாக்சன் கையில் சி மொழிக்கு வந்தது. டெபியனின் ஒவ்வொரு பேக்கேஜிலும் கண்ட்ரோல் என்று ஒரு சிறிய கோப்பு உண்டு. அதில் ‘டிபெண்ட்ஸ்’ என்ற வரியில், இன்ன லைப்ரரி இன்ன பதிப்போ அதற்கு மேலோ வேண்டும் என்று பராமரிப்பாளர் எழுதுவார். டிபிகேஜி நிறுவலை இரண்டாகப் பிரித்தது. முதலில் கோப்புகளைப் பிரித்து வைப்பது, பிறகு அமைப்பது. பிரித்து வைப்பதில் வரிசை பெரிதாக வேண்டாம், அமைக்கும்போது கறாராக வேண்டும். இரண்டு பேக்கேஜ்கள் ஒன்றையொன்று கேட்டுச் சுழலில் சிக்கினால், அமைக்கும்போது ஓட்டவேண்டிய நிரல் எதுவும் இல்லாத பேக்கேஜைத் தேடி, அங்கே சுழலை வெட்டும். பிரித்து வைப்பதற்கு முன்பே ஒன்று முழுதாக அமைந்திருக்க வேண்டும் என்றால் ‘ப்ரீ-டிபெண்ட்ஸ்’ என்ற தனி வரி. அந்த வரியை யாரும் நினைத்தபடி சேர்த்துவிட முடியாது, மற்ற டெவலப்பர்களிடம் விவாதித்து ஒப்புதல் பெறவேண்டும் என்று டெபியன் விதிநூல் சொல்கிறது. மறதியில் விட்டுப்போகாமலிருக்க இன்னொரு ஏற்பாடும் உண்டு. கட்டி முடித்த நிரலையே திறந்து, அது எந்தப் பகிர்வு லைப்ரரிகளைக் கேட்கிறது என்று படித்து, தேவைப் பட்டியலைத் தானே நிரப்பும் கருவி. எல்ஆர்டர் செய்த வேலையேதான் இது, அளவு மட்டும் பல மடங்கு.

இந்தக் கறாரான ஒழுங்கின் பலன் 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1இல் தெரிந்தது. அதில்தான் ஏபிடி முதன்முதலில் இடம்பெற்றது. பயனர் ஒரு பேக்கேஜின் பெயரைச் சொன்னால், அதற்குத் தேவையானவை, அவற்றுக்குத் தேவையானவை என்று கடைசிவரை போய், எல்லாவற்றையும் இணையத்திலிருந்து இறக்கி, சரியான வரிசையில் டிபிகேஜியிடம் ஒப்படைக்கும். பட்டியல்கள் பல ஆண்டுகளாகக் கவனமாக எழுதப்பட்டிருந்ததால்தான் இது சாத்தியமானது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடித்தளமாகக் கொண்டது. ஆகவே சென்னையில் உருவான ஓர் இயங்குதளத்தின் அடியிலும் இதே டிபெண்ட்ஸ் வரிகள்தான் கிடக்கின்றன.

ரெட் ஹாட் லினக்ஸ் பக்கத்தில் ஆர்பிஎம் என்ற நிறுவும் கருவி இருந்தது. தேவைகளை அதுவும் கவனமாகச் சரிபார்த்தது, ஆனால் சரிபார்த்ததோடு நின்றுவிட்டது. ‘ஃபெயில்ட் டிபெண்டன்சிஸ்’ என்று தொடங்கி, இன்ன கோப்பு இன்ன பேக்கேஜுக்குத் தேவை என்று பட்டியலிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். டயல்-அப் இணைப்பில் அந்தக் கோப்பைத் தேடி இறக்கி வந்தால், அது இன்னும் மூன்றைக் கேட்கும். அந்த அவதிக்கு வழி செய்தவர்களில் முக்கியமானவர் 2013இல் மறைந்த சேத் விடால். டியூக் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் கணினிகளைப் பராமரித்தவர். யெல்லோ டாக் லினக்ஸின் யப் என்ற கருவியை எடுத்து, மைக்கேல் ஸ்டென்னருடன் சேர்ந்து யம் ஆக மாற்றி எழுதினார். விண்டோஸில் அன்று நிலைமை இன்னும் மோசம். புதிய நிரலை நிறுவும்போது பொது அடைவிலிருந்த டிஎல்எல் கோப்பு வேறு பதிப்பால் அழிந்துபோகும், அதை நம்பியிருந்த பழைய நிரல் மறுநாள் ஓடாது. யாருக்கு எந்தப் பதிப்பு தேவை என்ற பட்டியலே அங்கே வைத்திருக்கப்படவில்லை.

பேக்கேஜ்கள் பெருகப் பெருக இன்னொரு சிக்கல் வெளியே வந்தது. 1996இல் வந்த டெபியன் 1.1இல் 474 பேக்கேஜ்கள். 2023இல் வந்த டெபியன் 12இல் 64,000க்கும் மேல். எண்ணிக்கைகூடப் பெரிதல்ல, தெரிவுகள்தான் பெரிது. ஒரு நிரலுக்கு அஞ்சல் அனுப்பும் சர்வர் ஏதாவது ஒன்று இருந்தால் போதும், எக்ஸிம் ஆனாலும் சரி, போஸ்ட்ஃபிக்ஸ் ஆனாலும் சரி. ஆனால் அவை இரண்டும் ஒரே கணினியில் சேர்ந்திருக்க முடியாது. ‘இது அல்லது அது’, ‘இது இருந்தால் அது கூடாது’ என்ற இரண்டும் கலந்தவுடன் கானின் எளிய வழி போதாமல் போய்விடுகிறது. ராபர்ட்டோ டி காஸ்மோ உள்ளிட்டவர்கள் எடாஸ் என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டத்தில் இதை 2006 வாக்கில் நிறுவிக் காட்டினார்கள். ஒரு பேக்கேஜை நிறுவ முடியுமா என்ற கேள்வியே என்பி-முழுமை வகையைச் சேர்ந்தது. எல்லாச் சூழலுக்கும் பொருந்தும் விரைவான வழி எதுவும் இதுவரை யாருக்கும் கிட்டாத கணக்குகளின் வகை அது. நடைமுறையில் தப்பிக்க வழி உண்டு என்பதை 2008 ஜூனில் ஓப்பன்சூசே 11.0 காட்டியது. மைக்கேல் ஷ்ரோடர் எழுதிய தீர்ப்பான், தேவைகளையெல்லாம் தர்க்க வாக்கியங்களாக மாற்றி, சாட் வகைக் கணக்காகத் தீர்த்தது. இன்று ஃபெடோராவின் நிறுவும் கருவியான டிஎன்எஃப் அந்தத் தீர்ப்பானின் தோளில்தான் நிற்கிறது.

நிரல்மொழிகளின் கருவிகள் இந்தப் பாடத்தைத் தாமதமாகவே கற்றன. பைத்தானின் பிப் 2020 நவம்பரில் வந்த 20.3 பதிப்புவரை, ஒரே லைப்ரரியை இருவர் வெவ்வேறு நிபந்தனையோடு கேட்டால், முதலில் கண்ணில் பட்டவர் சொன்னதை வைத்துக்கொண்டு மற்றவரை விட்டுவிடும். தேவைப் பட்டியலில் இரண்டு வரிகளை இடம் மாற்றினாலே நிறுவப்படும் பதிப்பு மாறிவிடலாம். 2015இல் வந்த, ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம் மூன்றாம் பதிப்பிலும் இதே கதை. எதை முதலில் நிறுவினீர்கள் என்பதைப் பொறுத்து, இரண்டு பேரின் கணினியில் அடைவின் அமைப்பே வேறுபட்டது. 2016 அக்டோபரில் யார்ன் என்ற மாற்றுக் கருவி கொண்டுவந்த பூட்டுக் கோப்பு, தேர்ந்தெடுத்த பதிப்புகளை எழுதி உறையவைத்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது, அடுத்த ஆண்டே என்பிஎம்மும் அதைப் பின்பற்றியது. அதே 2016 மார்ச்சில், சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பும் 11 வரி நிரலான லெஃப்ட்-பேட் என்பிஎம்மிலிருந்து நீக்கப்பட்டபோது, பேபல் உள்ளிட்ட பெரிய திட்டங்களின் கட்டுமானங்கள் ஒரே நாளில் முறிந்தன. அந்தப் பெயர் தங்கள் பட்டியலின் ஆழத்தில் இருப்பது முறிந்தவர்களில் பெரும்பாலோருக்கு அன்றுவரை தெரியாது.

கருவி தானே எல்லாவற்றையும் இழுத்து வரும் வசதி வந்த பிறகு, இழுத்து வருவது என்னென்ன என்று படிப்பவர் குறைந்துபோனார்கள். இதன் ஆபத்து 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்கே தெரிந்தது. போஸ்ட்கிரெஸ் டெவலப்பரான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், டெபியன் சோதனைக் கணினியில், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழி உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவினார். எக்ஸ்இஸட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்வாசல் வைத்திருந்தார்கள். ஆனால் எஸ்எஸ்எச் சர்வருக்கும் கோப்புச் சுருக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்த சர்வர் நிரலான ஓபன்எஸ்எஸ்எச்சை எழுதியவர்களின் பட்டியலில் எக்ஸ்இஸட் லைப்ரரி கிடையவே கிடையாது. சர்வர் எழுந்துவிட்டது என்று, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டிக்கு ஒரு சிறு அறிவிப்பு அனுப்புவதற்காக, டெபியனும் ஃபெடோராவும் தங்கள் கையால் லிப்சிஸ்டம்டி லைப்ரரியை ஒட்டியிருந்தன. லிப்சிஸ்டம்டிக்கு வேறொரு வேலைக்காக எக்ஸ்இஸட் தேவை. அந்த வழியாக, உலகத்து சர்வர்களின் தலைவாசல் நிரலுக்குள், அதற்குச் சம்பந்தமில்லாத ஒரு லைப்ரரி தொடங்கும்போதே ஏறிக்கொண்டிருந்தது. வரிசை எங்கும் தவறவில்லை, எல்லாக் கருவிகளும் சரியாகவே வேலை செய்தன. பட்டியலில் அந்த ஒரு வரி ஏன் இருக்கிறது என்று கேட்கத்தான் ஆளில்லை.

சிஸ்டம்டி குழு 2024 ஜூனில் வந்த 256ஆம் பதிப்பில், சுருக்க லைப்ரரிகளை உண்மையில் தேவைப்படும்போது மட்டும் ஏற்றும்படி மாற்றியது. 2024 ஜூலை 1 அன்று வெளியான ஓபன்எஸ்எஸ்எச் 9.8, சிஸ்டம்டிக்கு அனுப்பும் அந்தச் சிறு அறிவிப்பை லிப்சிஸ்டம்டியின் உதவியில்லாமல் தானே அனுப்பத் தொடங்கியது.